எண்ணெயா? மெழுகா? – உப்பளம் சொல்லித் தந்த பாடம்



"பெட்ரோலியப் பொருள்கள் யாவை?" என்று தேர்வில் கேட்டால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தார் என்று மளமளவென எழுதிவிடுவோம். மார்க்கும் விழுந்துவிடும். ஆனால் "இந்த வேலைக்கு எண்ணெய் போடணுமா, மெழுகு போடணுமா?" என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்டால்? என்னைக் கேட்டார்கள். கேட்டவர் என் அப்பா. நான் சொன்ன தப்பான பதிலுக்கு எங்கள் வீடு கொடுத்த விலையையும், அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சில பாத்திகளை அப்பா குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறார். தை பிறந்து தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். உப்புநீர் இறைக்கும் டீசல் இஞ்சின் மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் சும்மா கிடக்கும்.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது மழைக்கு முன்னால் அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே. இஞ்சினைத் துரு புடிக்காம எப்படி எடுத்து வைக்கிறது?"

"வேஸ்ட் ஆயிலை எடுத்து மேலே நல்லா பூசி விடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பா நம்பினார்.

தை மாதம் சாக்கை விலக்கிப் பார்த்தால், பம்ப்பின் ஷாஃப்ட்டில் அம்மைத் தழும்பு மாதிரி துருக் குழிகள்! சீல் போட்டால் அந்த இடத்தில் தண்ணீர் ஒழுகியது. ஷாஃப்ட்டைத் திண்டிவனத்துக்கு எடுத்துப் போய் லேத்துப் பட்டறையில் சரிசெய்து வருவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. பக்கத்துப் பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கியபோது எங்கள் பாத்தி காய்ந்து கிடந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

எங்கே தப்பு செய்தேன் என்று புத்தகங்களைப் புரட்டியபோதுதான், எண்ணெயும் மெழுகும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று புரிந்தது. கச்சா எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் பிரிந்த பிறகு மிஞ்சும் கனமான பகுதியை வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். அதில் மசகு எண்ணெயும் மெழுகும் கலந்தே இருக்கும். அவற்றைப் பிரிக்கும் முறை நம் உப்பளத் தொழிலுக்குச் சொந்தக்காரன்தான்!

உப்பளத்தில் என்ன செய்கிறோம்? கடல்நீர் சுமார் 3.5 டிகிரி போமேயில் இருக்கும். வெயிலில் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கும். 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசியம் கலந்து கசக்கும் என்று மிச்ச நீரைத் திறந்து விடுவோம். எது எப்போது படிகமாகிறதோ அதை அப்போது பிரிக்கிறோம். சுத்திகரிப்பு ஆலையில் வெயிலுக்குப் பதில் குளிர். எண்ணெயோடு எம்.இ.கே., டொலுயீன் போன்ற கரைப்பான்களைக் கலந்து, பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 20 டிகிரி வரை குளிர வைத்தால் மெழுகு படிகமாகிவிடும். வடிகட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், 'ஸ்லாக் வாக்ஸ்' என்ற எண்ணெய்ப் பசையுள்ள மெழுகு மறுபக்கம்.

இதற்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். 1969-இல் மணலியில் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. அந்த ஆலை எரிபொருளோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயையும் பாரஃபின் மெழுகையும் தயாரித்து வந்திருக்கிறது. தீப்பெட்டித் தொழிலுக்கான மெழுகும் அதில் உண்டு. தீக்குச்சியின் நுனியை மெழுகில் தோய்த்த பிறகுதான் மருந்து வைக்கிறார்கள். மருந்தின் நெருப்பைக் குச்சிக்குக் கடத்துவது அந்த மெழுகுதான்.

குடும்பத்தில் யார் யார்?

மசகு எண்ணெய்: ஓடும், நகரும், சூட்டை எடுத்துப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்றும் எண்ணெய் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டே சுருளைக் குளிர்விக்கிறது. அந்த இடத்தில் மெழுகு உறைந்து நின்றால் என்ன ஆகும்?

லிக்விட் பாரஃபின்: நிறமும் மணமும் போகும்வரை சுத்திகரித்த எண்ணெய். மருந்திலும் அழகுசாதனத்திலும் சேர்ப்பது.

பாரஃபின் மெழுகு: நேரான சங்கிலி மூலக்கூறுகள், பெரிய படிகங்கள். 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். மெழுகுவர்த்திக்கு ஏற்றது. நன்கு சுத்திகரித்ததில் எண்ணெய் அரை சதவீதத்துக்குள் இருக்கும். எண்ணெய் கூடினால் மெழுகுவர்த்தி வியர்க்கும், புகையும்.

மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு: கிளைச் சங்கிலிகள், பொடிப் படிகங்கள். 60 முதல் 90 டிகிரி வரை தாங்கும். வளைந்து கொடுக்கும், உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோலியம் ஜெல்லி: இந்தப் பொடிப் படிக மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிம்பு. இதற்கு ஒரு கதை உண்டு. 1859-இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலார் அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய் வயலுக்குப் போனார். பம்ப் கம்பிகளில் படிந்து தொல்லை கொடுத்த ஒரு பிசுக்கைத் தொழிலாளர்கள் காயங்களில் பூசிக்கொள்வதைக் கவனித்தார். அதைச் சுத்தப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். அதுதான் வாஸலின்! பம்ப்பில் வேண்டாத அழுக்காக இருந்தது பம்ப்பைக் காக்கும் மருந்தாகவும் ஆயிற்று.

தேர்ந்தெடுக்க நாலு கேள்வி

1. அந்த இடம் ஓடுகிறதா, நிற்கிறதா? உரசி ஓடும் பாகத்துக்கு எண்ணெய். நிற்கும் பரப்பை மூடி வைக்க மெழுகு.

2. எவ்வளவு சூடு வரும்? சித்திரை வெயிலில் தகரமும் இரும்பும் காற்றைவிட அதிகமாகச் சுடும். உருகுநிலை அதற்கு மேலே இருக்க வேண்டும்.

3. எது பக்கத்தில் இருக்கிறது? ஜெல்லியும் கனிம எண்ணெயும் இயற்கை ரப்பரை ஊதிப்போகச் செய்யும். ரப்பர் வாஷரிலும் பெல்ட்டிலும் படக் கூடாது.

4. ஒழுகினால் எங்கே போகும்? எங்கள் பாத்தியில் ஒழுகினால் அது சாப்பாட்டு உப்பு. அதைத் தாண்டினால் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி.

இப்போது என் 'வேஸ்ட் ஆயில்' யோசனையைப் பாருங்கள். அதில் டீசல் எரிந்து உண்டான அமிலமும் ஈரமும் கரியும் கலந்திருக்கிறது. மெல்லிய படலமாக வழிந்து போய்விடும். துருவைத் தடுக்கப் போட்டதே துருவுக்குத் துணை போயிற்று!

இரண்டாம் முயற்சியும் மூன்றாம் முயற்சியும்

அடுத்த மழைக்கு முன், "மெழுகுதானே வேணும்?" என்று ஒரு பழைய இரும்புத் துண்டில் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசிச் சோதித்தேன். வீட்டிலிருந்த இஞ்சினைத் தொடவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. ஆறியதும் மெழுகு சுருங்கி வெடித்தது. வெடிப்புக்குள் ஈரம் புகுந்து துரு ஏறியது. நல்ல மெழுகுதான், ஆனால் இந்த வேலைக்கானது அல்ல.

ஒர்க் ஷாப் சாரிடம் காட்டினேன். "பூசறதுக்கு முன்னாடி கழுவினியா?" என்றார். அந்த ஒரு கேள்வி போதும். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலக் கடற்கரையில் அதற்குப் பஞ்சமா? உப்புத் தூள் ஒட்டியிருக்கும் இரும்பின் மேல் எந்த விலையுயர்ந்த பொருளைப் பூசினாலும் அடியில் துரு தன் வேலையைச் செய்யும்.

பிறகு நானும் அப்பாவும் செய்தது இது. நல்ல தண்ணீரால் வெளிப்பக்கத்தைக் கழுவி, துடைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்தோம். இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி புது இஞ்சின் ஆயில் விட்டுக் கையால் மெல்லச் சுற்றினோம். (அதிகம் விடக்கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி சுற்றி வெளியேற்ற வேண்டும்.) புகைக்குழாய் வாயைக் கட்டினோம். ஷாஃப்ட், ஃப்ளைவீல், போல்ட் தலைகளில் பெட்ரோலியம் ஜெல்லியை இளக்கிப் பிரஷ்ஷால் கனமாகப் பூசினோம். உள்ளே எண்ணெய், வெளியே மெழுகுக் களிம்பு! 'இதுவா அதுவா' என்ற கேள்விக்கு எங்கள் இஞ்சினில் கிடைத்த விடை 'இரண்டும், அதனதன் இடத்தில்' என்பதே.

ஒரு எச்சரிக்கை: மெழுகையோ ஜெல்லியையோ நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து இளக்குங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடித்துச் சிதறும். மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

தை வந்தது. களிம்பைத் துணியால் வழித்தபோது ஷாஃப்ட் பளபளத்தது. நான் அவசரத்தில் சரியாகக் கழுவாமல் விட்ட ஒரு நட்டின் அடியில் மட்டும் செம்மண் நிறத்தில் துரு. அப்பா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்: "திருடனை உள்ளே வச்சுக் கதவைப் பூட்டிட்டே, பார்த்தியா?" மூன்றாவது சுற்றில் இஞ்சின் ஓடத் தொடங்கியது. அந்த வருஷம் எங்கள் பாத்தியிலும் மற்றவர்களோடு சேர்ந்தே உப்பு பூத்தது.

நண்பர்களே! நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில் கடைக்காரர் "இதுதான் சார் பெஸ்ட்" என்று ஒரு டப்பாவை நீட்டுவார். 'பெஸ்ட்' என்று தனியாக எதுவும் கிடையாது. எந்த வேலைக்கு, எந்தச் சூட்டில், எதன் பக்கத்தில் என்று கேட்ட பிறகே கையை நீட்டுங்கள். டிப்ளமோ படித்தவன் வாயிலிருந்து வரும் வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் தன் சீசனையே வைக்கிறது. தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்