சமாந்தரத் துறையட்டையிற் பிழையறியும் முறை

நோயின் காரணத்தை ஆராயாது மருந்திடுதல் வைத்தியர்க்குத் தகாது. பொறிகளைச் செப்பனிடுவார்க்கும் அவ்விதியே பொருந்தும். கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம் அசையாது நின்றால், பலர் சமாந்தரத் துறையட்டையையே முதலிற் குறைகூறுவர். குறை பிறிதோரிடத்தும் இருத்தல் கூடும்.

சோதனைக்கு முன் மோட்டர்களுக்குச் செல்லும் மின்னை நிறுத்துக. எதிர்பாராது அசையும் வெட்டுங்கருவி கையை ஊறுபடுத்தும். அடுத்து முகவரியை நோக்குக. கணினியிலேயே அமைந்த துறைக்கு வழக்கமான முகவரி பதினறும எண்ணில் 378 ஆகும். பின்னர்ச் செருகிய அட்டைக்கோ வேறு முகவரி அமையும். லினக்ஸ்சிஎன்சி போன்ற செய்நிரலின் அமைப்புக் கோப்பிற் பழைய எண்ணே இருப்பின், கட்டளைகள் அட்டையைச் சென்றடையா.

முகவரி சரியாயின், கணினியை நிறுத்தி, வடத்தைக் கழற்றி, மீண்டும் இயக்குக. 2 முதல் 9 வரையுள்ள தரவு முனைகளைப் புவிமுனையாகிய 25ஆம் முனையோடு ஒப்பிட்டு அளக்க. கட்டளைக்கேற்ப அழுத்தம் ஏறி இறங்கின், குறையை வடத்திலோ மோட்டர் இயக்கியிலோ தேடுக. 5 உவோற்றுக்குப் பதிலாக 3.3 உவோற்றே தோன்றினும் அட்டை பழுதன்று. சில இயக்கிகளுக்கு அவ்வழுத்தம் போதாது. அங்ஙனமாயின் இடையே அழுத்தத்தை உயர்த்துஞ் சுற்றொன்று வேண்டும்.

இவ்வாறு நாடியபின்னும் எம்முனையும் அசையாவிடத்தே அட்டையை மாற்றுதல் முறை. ஒழுங்காகக் காரணத்தை ஆராய்வார்க்குப் பொருளுங் காலமும் வீணாகா.