முடி சுருண்டிருப்பது குற்றமா?

கறுப்பினப் பெண்களின் இயற்கை முடியும், உள்ள உடலை ஏற்கும் அழகும்

2010-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கறுப்பினப் பெண் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் தேர்வும் பெற்றார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நிபந்தனை வந்தது. தலையில் திரித்துவிட்டிருந்த சடைகளை வெட்டிவிட்டு வந்தால்தான் வேலை. அவர் மறுத்தார். வேலை கை நழுவியது.

அமெரிக்க அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக வழக்குத் தொடுத்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. தோலின் நிறம் மாற்ற முடியாதது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சடை என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சிகை அலங்காரம், அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

முடி என்பது தலையில் வளர்வது. அதை எப்படி வாரிக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கறுப்பினப் பெண்களுக்கு அது வெறும் விருப்பமாக இருந்ததே இல்லை. வேலை வேண்டுமா, முடியை நேராக்கு. பள்ளிக்கு வர வேண்டுமா, பின்னலை அவிழ். இந்த நிபந்தனையின் கீழ் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இயற்கை முடியை அப்படியே ஏற்றுக்கொள்ளும் இயக்கம் இன்று உலகெங்கும் பேசப்படுவதற்கு இதுவே காரணம். இது புதிய நாகரிகமும் அல்ல, வீண் அலங்காரமும் அல்ல.

முடி ஏன் சுருள்கிறது?

முதலில் முடியைப் பற்றிய சில அடிப்படை உண்மைகள். முடி எப்படி வளரும் என்பதைத் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பை தீர்மானிக்கிறது. வேர்ப்பை நேராக இருந்தால் முடியும் நேராக வரும். அது வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வெளியே வரும். நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ வட்டமாக இருக்கும். மிகச் சுருண்ட முடியோ நீள்வட்டமாக, சற்றுத் தட்டையாக இருக்கும்.

இந்த வடிவத்தால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் சுருள்களின் வழியே இறங்கி நுனிவரை சேர்வதில்லை. அதனால் முடி எளிதில் வறண்டுவிடும். இன்னொன்று, ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். அழுத்தி வாரினால் அங்கேதான் முறியும்.

"கறுப்பினப் பெண்களுக்கு முடி வளராது" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. முடி வளர்கிறது. ஆனால் சுருள் அதன் நீளத்தை மறைத்துவிடுகிறது. தோளைக்கூடத் தொடாத முடியைப் பிடித்து இழுத்தால் முதுகுவரை வரலாம். வளரும் முடி பாதியில் முறிந்துவிடாமல் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை.

தலையை மூடச் சொன்ன ஆணை

இந்த முடியைக் குறையாகப் பார்க்கும் வழக்கம் அடிமை வணிகக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1786-இல் லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதன் ஆளுநர் எஸ்தெபான் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பின வம்சாவளிப் பெண்கள் முடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. அதைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும். அவர்களின் அழகும் உடையும் வெள்ளையர் சமூகத்தின் கண்ணை உறுத்தின. அதுதான் காரணம். அந்தப் பெண்களோ வண்ண வண்ணத் துணிகளை எடுத்து, விதவிதமாக முடிச்சுப் போட்டு, தலைக்கட்டையே ஓர் அலங்காரமாக்கிவிட்டார்கள்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் பார்வை மாறவில்லை. நேரான முடி "நல்ல முடி", சுருண்ட முடி "கெட்ட முடி" என்ற பேச்சு கறுப்பினக் குடும்பங்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை இழுத்து நேராக்குவது வீட்டு வழக்கமானது. 

இந்த வரலாற்றில் தவறாமல் வரும் பெயர் மேடம் சி.ஜே. வாக்கர். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867-இல் லூசியானாவில் பிறந்தவர். துணி துவைத்துப் பிழைத்தவர். தம் முடி கொட்டியதால் தலைத்தோல் களிம்பு விற்கும் தொழிலில் இறங்கினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை விற்பனையாளர்களாகப் பயிற்றுவித்து, பெரும் தொழிலதிபராக 1919-இல் மறைந்தார். முடி நேராக்கும் சீப்பைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. தலைத்தோலின் ஆரோக்கியத்தையே அவர் தம் தொழிலின் மையமாகக் கொண்டிருந்தார்.

சோப்புக் காரமும் தலைத்தோலும்

சீப்பால் நேராக்கிய முடி மழையில் நனைந்தால் மீண்டும் சுருண்டுவிடும். அதற்கு மாற்றாக வந்ததுதான் "ரிலாக்ஸர்" எனப்படும் இரசாயனப் பசை. பழைய வகை ரிலாக்ஸரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்புத் தயாரிக்கவும் அடைபட்ட குழாயைச் சுத்தம் செய்யவும் பயன்படுகிற அதே காஸ்டிக் சோடாதான். முடிக்கு வடிவம் தரும் கந்தகப் பிணைப்புகளை இது உடைத்துவிடுகிறது. உடைந்தவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து புதிதாக வருவது சுருண்டே வரும். எனவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் பசை, மீண்டும் செலவு. சற்று நேரம் அதிகமானால் தலைத்தோல் வெந்து புண்ணாகும். இந்த எரிச்சலை ஐந்தாறு வயதிலேயே அனுபவித்த பெண்கள் ஏராளம்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. முடி நேராக்கும் பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள்.

இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. நேராக்கும் பொருளே நோய்க்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. தொடர்பு இருக்கிறது என்று மட்டுமே காட்டுகிறது. ஆனால் அந்தப் பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள். வேலைக்காகவும் மரியாதைக்காகவும் முடியை நேராக்கியவர்கள் மீதே சுமை அதிகம் விழுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஹார்லெம் மேடை

மாற்றத்தின் குரல் 1960-களில் உரக்க ஒலித்தது. 1962 ஜனவரி 28 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் "நேச்சுரலி 62" என்ற அலங்கார அணிவகுப்பு நடந்தது. புகைப்படக் கலைஞர் குவாமே பிராத்வெய்ட்டும் அவருடைய சகோதரர் எலோம்பே பிராத்தும் அதன் பின்னணியில் இருந்தார்கள். மேடையேறிய "கிராண்டாசா" மாடல் பெண்கள் முடியை நேராக்கவில்லை. கருமையான தோல், பலவகை உடல்வாகு, ஆப்பிரிக்கப் பாணி உடை, காதில் பெரிய வளையம். பத்திரிகை அட்டைகள் எந்தப் பெண்களை ஒதுக்கினவோ, அதே பெண்கள் அந்த மேடையில் நடந்தார்கள். "கறுப்பே அழகு" என்ற முழக்கம் பரவ இத்தகைய நிகழ்ச்சிகள் துணை நின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடியை ஏற்பதும் உடலை ஏற்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல. இப்படிப்பட்ட முடி, இப்படிப்பட்ட நிறம், இப்படிப்பட்ட இடுப்பு என்று ஒரே அளவுகோலை வைத்துத்தான் இரண்டையும் அளந்தார்கள். பருமனான உடல் கொண்டவர்களின் உரிமைக்காக அமெரிக்காவில் ஒரு தேசியச் சங்கம் 1969-இலேயே உருவானது. பிற்காலத்தில் காபி கிரெக் என்ற கறுப்பினப் பெண் 2008 முதல் பெரிய அளவு உடை அணியும் இளம் பெண்களுக்காக அலங்காரக் குறிப்புகள் எழுதினார். பருமனான பெண்கள் எதை அணியக்கூடாது என்ற பட்டியலை அவர் ஒதுக்கி வைத்தார். 2012-இல் இருதுண்டு நீச்சல் உடையில் தம் படத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவர் வடிவமைத்த நீச்சல் உடைகள் விற்பனைக்கு வந்தன. "இளைத்த பிறகு உடுத்திக்கொள்ளலாம்" என்று காத்திருந்தவர்களுக்கு, "இன்றைக்கு இருக்கும் உடலுக்கு இன்றே உடுத்துங்கள்" என்பதுதான் அவர் காட்டிய வழி.

சட்டம் நடந்த தூரம்

சட்டம் மெதுவாகவே அசைந்தது. ஆஃப்ரோ முடிக்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணின் புகார் இனப்பாகுபாட்டுப் புகாரே என்று 1976-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1981-இல், தலையோடு ஒட்டிப் பின்னும் "கார்ன்ரோ" பின்னலுக்கு விமான நிறுவனம் ஒன்று விதித்த தடை செல்லும் என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஃப்ரோ இயற்கை, பின்னல் செயற்கை என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. உண்மையில் மிகச் சுருண்ட முடியை முறியாமல் காக்கும் வழியே பின்னலும் சடையும்தான்.

அமெரிக்க இராணுவம் 2014-இல் கொண்டு வந்த விதிகள் சடைக்கும் முறுக்கிய முடிக்கும் தடை விதித்தன. பெண் வீரர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டில் சில தடைகள் தளர்ந்தன. சடைக்கு 2017-இல் அனுமதி கிடைத்தது. 2018 டிசம்பரில் நியூஜெர்சியில் ஒரு பள்ளி மல்யுத்த மாணவரின் சடைகளைப் போட்டி அரங்கிலேயே வெட்டிய பிறகுதான் அவரை ஆட அனுமதித்தார்கள். அந்தக் காணொளி நாட்டையே உலுக்கியது.

2019 ஜூலை 3 அன்று கலிபோர்னியா மாநிலம் "கிரௌன் சட்டம்" என்பதை இயற்றியது. சட்ட மசோதாவைக் கொண்டு வந்த செனட்டர் ஹோலி மிட்செல் தாமே சடை வைத்திருப்பவர். இனம் என்ற சொல்லின் பொருளுக்குள் முடியின் தன்மை, பின்னல், சடை, முறுக்கு ஆகியவற்றையும் சேர்த்தது இந்தச் சட்டம். அதன் பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைப் பின்பற்றின. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. சட்டம் வந்த இடத்திலும் ஓட்டைகள் உண்டு. டெக்சாஸில் சடைக்காக மாதக்கணக்கில் வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட மாணவருக்கு எதிராக 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் முடியின் நீளம் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்பதே காரணம்.

இயற்கைக்குத் திரும்புவது எப்படி?

ரிலாக்ஸரை நிறுத்தும் பெண்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேராக்கிய முடியை ஒரேயடியாக வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒரு வழி. சுருண்ட முடி வேரிலிருந்து வளர வளர, நுனியை மாதந்தோறும் சிறிது சிறிதாக வெட்டுவது மற்றொரு வழி. இரண்டாவதில் பொறுமை வேண்டும். பழைய முடியும் புதிய முடியும் சேரும் இடம் மெலிந்திருக்கும், எளிதில் முறியும்.

பராமரிப்பின் முதல் விதி, ஈரப்பதம். வாரம் ஒருமுறை, அல்லது சற்றுக் கூடுதல் இடைவெளியில் தலை குளித்தால் பலருக்கும் போதும். தினமும் ஷாம்பு போட்டால் இருக்கும் எண்ணெயும் போய்விடும். உலர்ந்த முடியில் சீப்பு வைக்கக்கூடாது. நனைத்து, கண்டிஷனர் தடவி, இடைவெளி அகன்ற பற்கள் உள்ள சீப்பால் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். முடி ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவினால் அந்த ஈரம் தங்கும். பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி முடியை உரசும் என்பதால், சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தூங்குவது வழக்கம்.

பின்னலிலும் எச்சரிக்கை தேவை. மிக இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து முடி கொட்டும். நீண்டகாலம் இப்படியே தொடர்ந்தால் வேர்ப்பை அழிந்து, முடி திரும்ப வராமலே போகலாம். பின்னிய பிறகு தலை வலித்தால் அது அழகின் விலை அல்ல, அவிழ்க்கச் சொல்லும் அறிகுறி.

அப்படியென்றால் நேராக்குவதே தவறா?

இந்தக் கேள்வி நியாயமானது. பதில், இல்லை. விருப்பத்தோடு நேராக்குவதும், பொய்முடி அணிவதும், வண்ணம் பூசுவதும் அவரவர் உரிமை. விருப்பம் எங்கே முடிகிறது, கட்டாயம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிரச்சினை. வேலை பறிபோகும் என்ற பயத்தில் செய்வதை விருப்பம் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கதையில் தமிழர்களுக்குத் தெரிந்த ஓர் ஊரும் வருகிறது. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விடுகிறது. அது சுத்தம் செய்யப்பட்டு, பொய்முடியாகவும் இணைப்பு முடியாகவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் அடங்குவர். நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் 2009-இல் வெளியிட்ட "குட் ஹேர்" என்ற ஆவணப்படம் இந்தப் பாதையைத் தொடர்ந்து இந்தியாவரை வந்தது. தமக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று அவருடைய சின்ன மகள் கேட்ட கேள்விதான் அந்தப் படத்துக்கு வித்து.

அந்தக் கேள்வி ஒரு குழந்தையின் மனத்தில் தானாகத் தோன்றுவதில்லை. தலை வாரும்போது பெரியவர்கள் விடும் பெருமூச்சிலிருந்தும், "இந்த முடியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது" என்ற சலிப்பிலிருந்தும்தான் அது பிறக்கிறது. தமிழ்க் குடும்பங்களிலும் சுருட்டை முடிப் பிள்ளைகளின் காதில் இந்தச் சலிப்பு விழாமல் இல்லை. சட்டம் பள்ளியையும் அலுவலகத்தையும் திருத்தலாம். சீப்பைக் கையில் வைத்திருக்கும் தாயின் பேச்சை எந்தச் சட்டமும் திருத்தாது. பிள்ளையின் தலையை வாரும் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும்.