பியரின் இரண்டாம் நொதித்தலும் முதிர்வும்

இரண்டாம் நொதித்தல் என்பது வீட்டில் பியர் தயாரிப்போர், முதல் நொதித்தல் ஓய்ந்த பியரை அடிமண்டியிலிருந்து பிரித்து, வேறொரு கலனில் சில வாரங்கள் முதிரவிடும் படிநிலை ஆகும். பெயர் இவ்வாறு இருப்பினும், இந்நிலையில் பெரும்பாலும் புதிய நொதித்தல் நிகழ்வதில்லை.

பெயர்க் காரணம்

முற்காலத்தில் இங்கிலாந்தில் மரப்பீப்பாய்களில் நெடுநாள் வைக்கப்பட்ட பியர்களில் உண்மையாகவே மற்றொரு நொதித்தல் நிகழ்ந்தது. பிரெட்டனோமைசிசு என்னும் ஈஸ்ட் வகையே அதற்குக் காரணம் என்பதை டென்மார்க்கின் கார்ல்சுபெர்க் ஆலையில் பணியாற்றிய நீல்சு கிளாசன் 1904இல் விளக்கினார்.

முதிர்வில் நிகழ்வன

முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. ஏல் வகைப் பியரில், 18–22 °செ வெப்பநிலையில், இதன் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிகிறது. அப்போது வெண்ணெய் மணமுள்ள டைஅசிட்டைல், பச்சை ஆப்பிள் மணமுள்ள அசிட்டால்டிகைடு ஆகியனவும் உண்டாகின்றன. ஈஸ்ட் பின்னர் இவற்றை உட்கொண்டு, மணம் குறைந்த சேர்மங்களாக மாற்றுகிறது. எனவே பியரை முன்கூட்டியே பிரித்தால் இப்பணி தடைப்படலாம்.

கலன் மாற்றம் தேவையா?

இறந்த ஈஸ்ட் செல்கள் சிதைந்து பியரின் சுவையைக் கெடுக்கும் என்பதால் பழைய கையேடுகள் கலன் மாற்றத்தை வலியுறுத்தின. பேராலைகளின் உயர்ந்த கலன்களில் அழுத்தமும் வெப்பமும் இச்சிதைவைத் தூண்டும். சுமார் 20 லிட்டர் கொள்ளும் வீட்டுக் கலனில் சில வாரங்களுக்குள் இது அரிது. மாறாக, மாற்றும்போது கலக்கும் ஆக்சிசன் பியருக்கு நனைந்த அட்டை போன்ற சுவையைத் தரும். ஆகவே சாதாரண ஏல் தயாரிக்கும் பலர் இன்று இப்படிநிலையைத் தவிர்க்கின்றனர். பழங்கள் சேர்ப்பதற்கும், மாதக்கணக்கில் முதிர வேண்டிய பியர்களுக்கும் இது பயன்படுகிறது.

முதிர்வுக் காலம்

லாகர் பியர் உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் முதிர்கிறது. பார்லி வைன் போன்ற ஆல்ககால் மிகுந்த வகைகள் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் வைக்கப்படுகின்றன. கோதுமைப் பியரும் ஹாப்ஸ் மணம் மிகுந்த பியரும் புதிதாக அருந்தவே ஏற்றவை. நாட்பட்டால் ஹாப்ஸ் மணம் மங்கிவிடும்.

புட்டியில் நொதித்தல்

வீட்டுத் தயாரிப்பில் உண்மையான மறுநொதித்தல் புட்டியிலேயே நிகழ்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 6–7 கிராம் சர்க்கரை சேர்த்து மூடப்படும் பியரில், எஞ்சிய ஈஸ்ட் அதனை நொதிக்கச் செய்து நுரைக்கத் தேவையான வளிமத்தை உண்டாக்குகிறது. முதல் நொதித்தல் முடியுமுன் அடைத்தால் அழுத்தம் மிகுந்து புட்டி வெடிக்கக்கூடும். அடைக்கும் முன் சில நாள் இடைவெளியில் நீர்மமானியால் அடர்த்தியை அளந்து, அளவு மாறாதிருப்பதை உறுதி செய்ய வேண்டும். கலனில் குமிழிகள் நின்றுவிட்டன என்பது மட்டும் போதிய சான்றாகாது.