தூண்டில் எடுத்தாச்சு, கூடாரம் எடுத்தாச்சு... கொசுவுக்கு என்ன வழி?

"எங்க வீட்டுக்காரரு மாசத்துல ரெண்டு தடவ மீன் பிடிக்கப் போயிடுறாரு, டாக்டர். திரும்பி வந்தா கால் ரெண்டும் தடிப்புத் தடிப்பா இருக்கு. ஒரு வாரத்துக்குச் சொறிஞ்சிக்கிட்டே இருப்பாரு. இப்ப ஸ்கூல் லீவுக்குப் பையனையும் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறாரு. ஒம்பது வயசுதான் ஆகுது. என்னத்தப் பூசி அனுப்புறது?"

தொலைக்காட்சிக் கலந்துரையாடலின்போது தொலைபேசியில் வந்த கேள்வி இது. அழைத்தவர் கிள்ளானைச் சேர்ந்த ஒரு குடும்ப மாது. அரங்கில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் மருத்துவர். மற்றவர் ஏரி, ஆறு, முகத்துவாரம் என்று இருபது ஆண்டுகளாகத் தூண்டிலோடு அலையும் மீன்பிடி அன்பர். அன்பர் உடனே ஒரு தைலத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். மருத்துவர் கையமர்த்திவிட்டு அந்த அம்மாவிடமே திருப்பிக் கேட்டார்: "வீட்டுக்காரர் எங்கே போகிறார்? எத்தனை மணிக்குக் கடிக்கிறதாம்?"

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் பேச்சுச் சத்தம். பிறகு பதில் வந்தது. வழக்கமாகப் போவது கோலசிலாங்கூர் கடலோரம், கடிப்பது சாயங்கால வேளையில். பையனைக் கூட்டிப்போக நினைத்திருப்பது பேராக் தெமெங்கோர் ஏரிக்கு, இரண்டு இரவு கூடாரம்.

இந்த இரண்டு இடங்களிலும் கடிப்பது ஒரே பூச்சி அல்ல. நம்மவர்கள் பலர் தவறு செய்வது இங்கேதான். முந்நூறு, நானூறு வெள்ளி கொடுத்து 'ரீல்' வாங்குகிறவர்கள், எந்த மீனுக்கு எந்த இரை, நீரேற்றம் எப்போது, இறக்கம் எப்போது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள், தங்களைக் கடிப்பது எது என்று மட்டும் கேட்பதில்லை. கடைசி நேரத்தில் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி ஒரு பெட்டி கொசுவத்திச் சுருளை வாங்கிக் காரில் போட்டுக்கொள்வதோடு சரி.

கோலசிலாங்கூரில் அந்த வீட்டுக்காரரின் காலைப் பதம் பார்த்தது பெரும்பாலும் கொசுவாக இருக்காது. மலாய்க்காரர்கள் 'அகாஸ்' என்று சொல்லும் பொடி ஈயாகவே இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். கடித்த பிறகுதான் இருப்பதே தெரியும். பாக்காவ் காட்டுச் சேற்றிலும் ஈர மணலிலும் இது பெருகுகிறது. விடியற்காலையும் அந்தி நேரமும் இதற்கு உகந்த வேளை. கொசுவைப் போலவே இதிலும் பெண் இனம்தான் கடிக்கும். முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் தேவைப்படுகிறது. கடித்த இடம் கொசுக்கடியைவிட அதிகம் அரிக்கும், அரிப்பு பல நாள் நீடிக்கும்.

சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் அகாஸ் சிரமமில்லாமல் நுழைந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. 'கூடாரத்தில் வலை இருக்கிறதே' என்று நம்பிப் படுத்தவர்கள் விடியும்போது சிவந்துபோன உடம்போடு எழுந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கடலோரத்தில் தங்குவதென்றால் மிக நெருக்கமான கண் கொண்ட வலைதான் உதவும். அதைவிட எளிய துணை காற்று. அகாஸ் பறப்பதில் மிகவும் பலவீனமானது. காற்று வீசும் திறந்த இடத்தில் அதனால் நிலைத்துப் பறக்க முடியாது. மீன்பிடி அன்பர் சொன்ன அனுபவமும் இதையே காட்டியது. கரையோரப் புதருக்குள் உட்கார்ந்தால் அரை மணி நேரம் தாங்காதாம். அதே இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் படகுத் துறையின் நுனிக்குப் போய்விட்டால் நிம்மதியாக இருக்குமாம். இப்போது மின்கலத்தில் ஓடும் சிறிய விசிறிகள் கிடைக்கின்றன. கால்மாட்டில் ஒன்றை வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

சொறிவதைப் பற்றி மருத்துவர் சற்றுக் கண்டிப்பாகவே பேசினார். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியர்களில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. அப்படிப்பட்டவர் கணுக்காலை நகத்தால் கீறி, அதோடு சேற்றிலும் இறங்கினால், சாதாரணப் பூச்சிக்கடி ஆறாத புண்ணாக மாறலாம். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீர்த்துணி வைத்து, மருந்தகத்தில் அரிப்புக்கான களிம்போ மாத்திரையோ கேட்டு வாங்குவது நல்லது.

காட்டு ஏரியின் கதை வேறு

தெமெங்கோர், கெனியிர் போன்ற காடு சூழ்ந்த ஏரிகளில் பகலில் தொல்லை கொடுப்பது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஏடிஸ் வகைக் கொசு. காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் அதன் கடி அதிகம். வெட்டிய மூங்கில் குழியிலும், முன்பு வந்தவர்கள் விட்டுப்போன நெகிழிக் குவளையிலும் தேங்கிய மழைநீர் அதற்குப் போதும். (குப்பையைத் திரும்ப எடுத்து வராதவர்கள் அடுத்து வருகிறவருக்கு டிங்கியைப் பரிசாக விட்டுச் செல்கிறார்கள்.)

பொழுது சாய்ந்த பிறகு வருவது அனோபிலிஸ் கொசு. மலேரியாவைச் சுமப்பது இதுதான். "மலேரியாவா? அது தாத்தா காலத்துத் தோட்டத்துக் காய்ச்சல் ஆயிற்றே!" என்று பலரும் நினைக்கலாம். ஒரு வகையில் அது சரிதான். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழி பரவும் மலேரியா 2018-க்குப் பிறகு மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. ஆனால் அதே 2018-இல், குரங்கிலிருந்து வரும் மலேரியாவுக்கு 4,000-க்கும் அதிகமானோர் ஆளாகினர். பெரும்பான்மை சபாவிலும் சரவாக்கிலும் என்றாலும், தீபகற்பத்துக் காடுகளும் விதிவிலக்கல்ல.

இந்தக் கிருமிக்கு 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்று பெயர். நீண்ட வால் குரங்குகளின் இரத்தத்திலும், தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அந்த 'பெரோக்' குரங்கின் இரத்தத்திலும் இருப்பது. குரங்கைக் கடித்த காட்டு அனோபிலிஸ் கொசு பிறகு மனிதரைக் கடித்தால் தொற்றிக்கொள்கிறது. இயற்கையாக ஒரு மனிதருக்கு இது தொற்றியது முதன்முதலாக 1965-இல் கண்டறியப்பட்டது. அவர் பகாங் காட்டில் தங்கி வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய அமெரிக்கர். அது அபூர்வமான ஒன்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங் தலைமையிலான மலேசியா சரவாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்து, ஏராளமானோருக்கு இது இருப்பதை 2004-இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதுவரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இதைச் சாதாரணமான வேறொரு மலேரியா என்று எண்ணியிருந்தார்கள்.

இதில் பயப்பட வேண்டியது அதன் வேகம். மற்ற மலேரியாக் கிருமிகள் ஒரு சுற்றுப் பெருக இரண்டு மூன்று நாள் எடுக்கும். இது 24 மணி நேரத்தில் பெருகிவிடும். சிகிச்சை தாமதமானால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும்.

அப்படியானால் பூசுவது என்ன?

அந்த அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் வருகிறது. அமெரிக்க இராணுவம் 1946-இல் உருவாக்கி, 1957 முதல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த 'டீட்' என்ற மருந்து இன்றும் நம்பகமானது. மருந்தகத்தில் வாங்கும்போது புட்டியின் முகப்புப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கம் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். 10 விழுக்காடு என்றால் சுமார் இரண்டு மணி நேரம். 20 முதல் 30 விழுக்காடு என்றால் நான்கைந்து மணி நேரம் வரை தாங்கும். 50 விழுக்காட்டுக்கு மேல் போவதால் பெரிய பயன் இல்லை. நம் ஊர் வியர்வைக்கு இந்தக் கணக்கும் சற்றுக் குறையும். வெயில் தடுப்புக் களிம்பு பூசுபவர்கள் அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு இதைப் பூச வேண்டும்.

தூண்டில்காரர்கள் கவனிக்க ஒன்று. டீட் சிலவகை நெகிழிகளை இளக்கிவிடும். ரப்பர் போன்ற மென்மையான செயற்கை இரை, கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எல்லாம் கெட்டுப்போகும். பூசியதும் உள்ளங்கையைத் துடைத்துவிட வேண்டும். இது வேண்டாம் என்பவர்களுக்கு 20 விழுக்காட்டு 'பிக்காரிடின்' இருக்கிறது. நெகிழியைக் கெடுக்காது, வாடையும் குறைவு, பலன் ஏறக்குறைய அதே அளவு.

வாசனைச் செராய் எண்ணெய் நம்மவர்களுக்குப் பிடித்தமானது. அதில் குற்றமில்லை, ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மணி நேரம் தாண்டினாலே பெரிது. தெமெங்கோரில் இரவு முழுவதற்கும் அதை நம்ப முடியாது. பூண்டு தின்றால் கடிக்காது, வைட்டமின் மாத்திரை போட்டால் கடிக்காது, கைப்பேசியில் ஒலி எழுப்பினால் ஓடிவிடும் என்பவற்றுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது. ஒலி எழுப்பும் கருவியைப் பற்றி மீன்பிடி அன்பர், "கொசு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது" என்றதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது.

உடுப்பில் தெளிக்கும் 'பெர்மெத்ரின்' என்று ஒன்றும் உண்டு. அதை வீட்டிலேயே தெளித்து நன்கு காயவைத்து அணிய வேண்டும், தோலில் பூசக்கூடாது. மீனுக்கு அது கொடிய நஞ்சு. அந்த உடுப்பை ஏரியில் அலசினால், பிடிக்க வந்த மீனையே கொல்வதாகிவிடும்.

எதைப் பூசினாலும் நீளக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் இல்லாமல் பயன் பாதிதான். வெளிர் நிறம் நல்லது. அடர் நிறத்தைக் கொசுக்கள் நாடி வருகின்றன. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினால் அட்டைக்கும் அது தடை. லாலாங் புல்லில் பாய் இல்லாமல் உட்காருவதையும் படுப்பதையும் தவிர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சுகள் கடித்து வரும் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சல் ஒரு காலத்தில் மலாயாவின் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை வாட்டியது. இடுப்பு, அக்குள் போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

இரண்டு மரங்களுக்கிடையே தொங்கும் ஏணையில் படுப்பவர்கள் மேலே மட்டும் வலை கட்டினால் போதாது. உடம்போடு ஒட்டியிருக்கும் துணி வழியாகவே கொசு அடியிலிருந்து கடித்துவிடும். உள்ளே ஒரு தடித்த விரிப்பு வேண்டும்.

இனி அந்தக் கொசுவத்திச் சுருள். திறந்த வெளியில் காலடியில் வைத்தால் ஓரளவு உதவும், காற்று திசை மாறினால் அதுவும் இல்லை. ஆனால் கூடாரத்துக்குள் அதைக் கொளுத்தவே கூடாது. சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே சுருள் விடும் நுண்துகள் புகை 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்றது. வலைவாசலை மூடிய கூடாரத்தில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து அந்தப் புகையைச் சுவாசிக்க வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று பெற்றோரே யோசிக்கட்டும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டியது

அரங்கில் மருத்துவர் மிகவும் வலியுறுத்தியது இதைத்தான். காட்டுக்குப் போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும்போது, போய் வந்ததே பலருக்கு மறந்துபோயிருக்கும். கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள், தட்டணுக்கள் குறைந்திருக்கும், உடனே டிங்கி என்ற எண்ணம்தான் வரும். நோலெசி மலேரியாவிலும் தட்டணுக்கள் அப்படியே குறையும். டிங்கி என்று நினைத்து இரண்டு மூன்று நாள் வீட்டில் காத்திருந்தால், நாளுக்கொரு சுற்றுப் பெருகும் கிருமிக்கு அந்த அவகாசமே போதும்.

ஆகவே நோயாளியே வாய் திறந்து, "நான் காட்டில் தங்கினேன், இந்த இடம், இந்தத் தேதி" என்று சொல்லிவிட வேண்டும். மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. கணவர் மறந்தாலும் மனைவி நாள்காட்டியில் குறித்து வைக்கலாம்.

கிள்ளான் அம்மா இன்னும் இணைப்பில்தான் இருந்தார். "அப்போ பையன அனுப்பலாமா, கூடாதா டாக்டர்?"

அனுப்பலாம் என்றார் மருத்துவர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 20 முதல் 30 விழுக்காட்டு டீட் பூசலாம். பெரியவர் தம் கையில் எடுத்துப் பூசிவிட வேண்டும். பிள்ளையின் விரல்களிலும் கண், வாய் ஓரங்களிலும் வேண்டாம். படுக்கும் முன் வலைக்குள் போய்க் கழுவித் துடைத்துவிடலாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் எதையும் பூசாமல் வலைதான் போட வேண்டும். அந்தி சாயும் முன்பே பையன் முழுக்கை, முழுக்கால் உடுப்புக்கு மாறிவிட வேண்டும், பொழுது இறங்கிய பின் கரையில் திரியாமல் வலைக்குள் இருக்க வேண்டும்.

"அவரு ராத்திரிதான் மீன் நல்லா கடிக்கும்னு சொல்வாரே!" என்றார் அந்த அம்மா.

அதற்கு மீன்பிடி அன்பர் பதில் சொன்னார். தெமெங்கோரில் செபாராவ் இரையை அடிப்பது பெரும்பாலும் காலை வெளிச்சத்தில்தானாம், பையனை ஆறரைக்கு எழுப்பினால் போதுமாம்.