18 ஆண்டு இடைவெளிக்குப் பின்

நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் ராப் இசை வாலிபர் சமாசாரம் என்றே பெரியவர்கள் எண்ணுகிறோம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த பால்ய சிநேகிதர்கள் கியூ-டிப், ஃபைஃப் டாக் இருவரும் பாடிய 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழு, 1998-இல் ஐந்தாவது ஆல்பத்தோடு கலைந்தது. நாற்பதைத் தாண்டிய பின் அடுத்த ஆல்பத்துக்காக மீண்டும் கூடினார்கள். பாடுகிறவர்கள் நேரில் வந்தே தீரவேண்டும் என்றார் கியூ-டிப். ஃபைஃப் கலிபோர்னியாவிலிருந்து நியூஜெர்சிக்கு விமானமேறி வந்தார். அவரோ நெடுநாள் சர்க்கரை நோயாளி. 2008-இல் மனைவியே சிறுநீரகம் கொடுத்திருந்தார். வேலை முடியுமுன், 2016 மார்ச்சில், 45 வயதில் காலமானார்.

பதிவாகியிருந்த அவர் குரலைக் கொண்டே நண்பர்கள் ஆல்பத்தை முடித்து அதே நவம்பரில் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்! பழைய புகழை அசைபோடும் பாட்டுகளல்ல. அன்றைய அரசியலைக் காரசாரமாகப் பேசுபவை. ஃபைஃபின் குரலைக் கேட்டுப் பாருங்கள், நோயாளி பாடியது என்று சொல்லமாட்டீர்கள்.