நூற்பாலையின் பராமரிப்பு எஞ்சினீயர்

பைகாரா நீர்மின்சாரம் 1930-களில் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தபின் கோயம்புத்தூர்ச் சீமையில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகிய சரித்திரத்தை எழுதுவோர், முதலாளிகளையும் தொழிலாளர்களையும் நினைவுகூர்வார்களேயன்றி, அந்த யந்திரங்களை இரவு பகலாக ஓடச் செய்யும் பராமரிப்பு எஞ்சினீயரைக் குறிப்பிடுவது அபூர்வம். யந்திரம் ஒழுங்காக ஓடும் நாளில் இவர் சும்மா இருப்பதாகவும், நின்ற நாளில் இவரே குற்றவாளி என்றும் நிர்வாகம் கருதுவது இத்தொழிலின் விசித்திரம்.

நூல் நூற்கும் ரிங் பிரேம் என்ற யந்திரத்தில் கதிர் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் சுழல்கிறது. இழைக்கு முறுக்கேறத் துணைசெய்யும் டிராவலர் என்ற எஃகுத் துணுக்கு, சுண்டுவிரல் நகத்திலும் சிறியதாயினும், ரிங்கின் விளிம்பில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் மிஞ்சிய வேகத்தில் ஓடி, உராய்வின் உஷ்ணத்தால் தேய்ந்துபோகிறது; காலாகாலத்தில் மாற்றத் தவறினால் நூல் பிசிறடிக்கும், அடிக்கடி அறும். காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் அதே உபத்திரவந்தான்.

பேரிங்கின் நோயை அறிய அதிர்வுமானிகள் வந்துவிட்டன. ஆயினும், ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்தி, உள்ளே உருளைகள் கரகரப்பதை உற்றுக் கேட்கும் அனுபவசாலியான பிட்டரின் தீர்ப்பையும் புறக்கணிப்பதற்கில்லை. கிரீஸை அளவுக்கு மீறித் திணித்தாலும் பேரிங் சூடேறிக் கெடும் என்றால், புதிதாக வேலைக்கு வந்தவர் நம்பமாட்டார்.

யந்திரத்தை ஓட்டுபவரே அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, சிறு கோளாறுகளைக் கவனிக்கவேண்டும் என்னும் முறையை ஜப்பானியர் 1970-களில் பிரசித்தமாக்கினர். அதைப் பலகையில் எழுதி மாட்டுவது சுலபம். உற்பத்திக் கணக்கு காத்திருக்கும் ஷிப்டில், துடைப்பதற்காக யந்திரத்தை அரைமணி நேரம் நிறுத்த மானேஜரைச் சம்மதிக்கச் செய்வதே பராமரிப்பு எஞ்சினீயருக்கு மகா கஷ்டம்.