ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல்
ஊறுகாய்ப் பாதை - 9

தை மாசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சூடேறத் தொடங்கும்போது முதலமடைத் தோப்புகளில் பிஞ்சு தொங்கும். ஆனைமலை அடிவாரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் இது. இங்கு விளையும் மாம்பழம் மற்ற ஊர்களை முந்திக்கொண்டு சந்தைக்கு வந்துவிடுவதால் ‘மாங்கோ சிட்டி’ என்றே பெயராகிவிட்டது. ஆனால் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துச் சமையலறைகள் பழம் வரைக்கும் காத்திருப்பதில்லை. கொட்டை முற்றாத பிஞ்சுக்குத்தான் அங்கே போட்டி.

தமிழ்நாட்டில் அது மாவடு. பாலக்காட்டில் கண்ணிமாங்கா, கடுகோடு ஊறி முடிந்தால் கடுமாங்கா. தமிழகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்கள் தமிழை விடாமலே இந்த மலையாளப் பெயர்களையும் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டன.

வாங்கும்போதே முதல் பரீட்சை, காம்பு. அது ஒடிந்தால் அந்த வாய் வழியே பால் வடிந்துவிடும். கடுமாங்காவின் மணத்தில் பெரும்பங்கு அந்தப் பாலுடையது. தரையில் விழுந்து அடிபட்ட பிஞ்சு ஒன்று உள்ளே போனாலும் பரணி முழுக்கக் கெடலாம். அதனால் பேரம் விலையில் மட்டும் நடப்பதில்லை, ஒவ்வொரு பிஞ்சிலும் நடக்கும்.

கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்தபின் பரணியில் ஓர் அடுக்கு பிஞ்சு, ஓர் அடுக்கு கல்லுப்பு. பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று உப்பின் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். மாறாதது ஒன்று: தண்ணீர் விடுவதில்லை. “கை ஒணங்கித்தா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த மருமகளும் பரணியைத் தொட்டுவிட முடியாது. இரண்டு நாளில் பரணியைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். உப்பு இழுத்து வெளியேற்றிய பிஞ்சின் சொந்த நீர் அது. தினமும் குலுக்கக் குலுக்க, தோல் சுருங்கி, தன் நீரிலேயே மூழ்கிக் கிடக்கும் கண்ணிமாங்கா.

அந்த உப்புநீரில்தான் மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் கலக்கப்படுகின்றன. முழுக் கடுகை வாயில் போட்டால் உடனே உறைக்காது. நொறுங்கி ஈரம் பட்டால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருளை உண்டாக்கும். மூக்கில் ஏறுவதும் அதுதான், பூஞ்சணத்தைத் தடுப்பதும் அதுதான். வறுத்தால் சூட்டில் நொதி செத்துவிடும். எனவே கடுகை வெயிலில் காயவைத்துப் பச்சையாகவே பொடிப்பதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. மேலே நல்லெண்ணெயில் நனைத்த துணி, மூடி, வேடு. கர்க்கடக மாத மழையில் காய்கறி அரிதாகும்போது, கஞ்சிக்குப் பக்கத்தில் பரணி திறக்கும்.

தெற்கே இடுக்கி மலையில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. காந்தள்ளூர், வட்டவடையில் விளைவது மலைப்பூண்டு. தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தை வரை போகும் சரக்கு. பூண்டில் பிஞ்சு மாங்காய் அளவுக்கு நீருமில்லை, புளிப்புமில்லை. வெறும் எண்ணெயில் மூழ்கடித்து வைத்தால் காற்றில்லாத இடத்தில் வளரும் போட்யூலிசம் கிருமிக்கு அது வசதியாகிவிடும். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர வேண்டியது ருசிக்காக மட்டுமல்ல. அங்கே காரத்தைத் தணிக்க வெல்லத்துக்கும் பஞ்சமில்லை; பக்கத்து மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

கல்பாத்தியில் இன்று கடுமாங்கா பாக்கெட்டிலும் கிடைக்கிறது. வாங்குகிறவர் பையைத் திருப்பி, உள்ளே காம்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதே கடைகளில் பக்கத்திலேயே கரும்பச்சை உருண்டைகள் இருக்கும். பெயர் வேப்பிலைக்கட்டி. இடித்துச் சேர்ப்பது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும். வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கதை அடுத்த வாரம்.